நலம், நலமறிய அவல்!

"உன் எழுத்தை உன்னாலேயே படிக்க முடியாது. இதுல மிஷின் வந்து படிச்சிடுமாக்கும்!"

2009 தீபாவளிக்குக் கும்பகோணம் போயிருந்தபோது என் அப்பா உதிர்த்த முத்து இது. பையிலிருந்து நான் எடுத்து வைத்த சிலேட்டு சைஸ் கம்ப்யூட்டரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், போலி சர்டிபிகேட்டோடு வந்து நின்றவனை அப்படித்தான் பார்த்திருப்பார்!

அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. ஏழாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் என் பரீட்சைப் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படிப் பிடிச்சாலும் அதேதான்டா தெரியுது" என்றார். அப்பாவின் எழுத்து இதற்கு நேர் எதிர். அச்சுக் கோத்த மாதிரி மணி மணியாக இருக்கும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக் கவரில் விலாசம் எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். ரிட்டயர் ஆன அன்று போட்ட மாலை வாடிவிட்டது. "சார் எழுதின ரிஜிஸ்டரைப் பார்த்தா பூஜை ரூம்ல வைக்கத் தோணும்" என்று அன்றைக்கு யாரோ சொன்னது மட்டும் அவருக்கு இன்னும் வாடவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகம் என்ன தெரியுமா? கையெழுத்தைப் படிக்கிற கம்ப்யூட்டருக்கு முகம் வரைவது!

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மானேஜர், வாட்ச்மேன் உள்பட இருபத்திரண்டு பேர். ஸ்கிரீன் மேல் ஒரு பிளாஸ்டிக் பேனாவால் தமிழில் எழுதினால், அது அச்செழுத்தாக மாற வேண்டும். விண்ணப்பம் நிரப்புகிற இடங்களுக்கு உதவும் என்று ஆர்டர் வந்திருந்தது. எழுதியது 'ல'வா 'வ'வா என்று கண்டுபிடிக்கிற கணக்கெல்லாம் வேறு கெட்டிக்காரர்களின் டிபார்ட்மென்ட். எங்கே எழுதுவது, எழுதியதை மிஷின் எப்போது படிப்பது, தப்பாகப் படித்துத் தொலைத்தால் மேற்கொண்டு என்ன செய்வது... இந்தச் சில்லறை சமாசாரங்கள் என் தலையில். இதற்கு இன்டர்ஃபேஸ் டிசைன் என்று பெயர். மாமனார் வீட்டில் இதைக் கடைசி வரை இன்டீரியர் டிசைன் என்றே நம்பினார்கள். "மாப்ளே, நம்ம சமையலறைக்கு ரெண்டு ஷெல்ஃப் போட என்ன ஆகும்?"

ஊருக்குக் கிளம்பும்போது மானேஜர் சொன்னார்: "உங்கப்பாகிட்ட கொடுத்து எழுதச் சொல்லிப் பாருய்யா. இதுவரைக்கும் நம்ம ஆபீஸ் பசங்க மட்டும்தான் எழுதியிருக்காங்க."

போகிற போக்கில் சொன்னார். அதற்குள் என்ன வெடிகுண்டு இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

* * *

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பேனாவை வாங்கி, "இங்க் எங்கேடா ரொப்பறது?" என்றார். பிறகு பழக்க தோஷத்தில் கை தானாக எழுத ஆரம்பித்தது. எனக்குப் போட்ட அத்தனை லெட்டரையும் அவர் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்.

'நலம், நலமறிய ஆவல்.'

மிஷின் அரை விநாடி யோசித்தது. பளிச்சென்று அச்செழுத்தில் காட்டியது:

'நலம், நலமறிய அவல்.'

"அவலா?"

"சுழி சரியா விழலை போலிருக்குப்பா. இன்னொரு தடவை எழுதுங்களேன்."

எழுதினார். மறுபடியும் அவல். உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது: "கிருஷ்ண ஜெயந்தி முடிஞ்சு எத்தனை நாளாச்சு, இப்ப எதுக்கு அவல்?"

அடுத்த வரி எழுதினார். 'உன் வேலை எப்படிப் போகிறது?' மிஷின் அதை, 'உன் வேல் எப்படிப் போகிறது?' என்று படித்தது.

"சுவாமிமலை முருகனுக்கு லெட்டர் போட்டா இப்படித்தான் விசாரிக்கணும்" என்றார் அப்பா. ஆனால் குரலில் சிரிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது.

கடைசியில், 'இப்படிக்கு, அப்பா' என்று முடித்தார். மிஷின் 'இப்படிக்கு, அப்பர்' என்றது. நாயன்மார் ஆக்கிவிட்டது! அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அப்பர். இன்னும் நிதானமாக எழுதினார். இந்தத் தடவை அப்பரும் வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் வந்தது:

'தயவுசெய்து தெளிவாக எழுதவும்.'

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். மிஷினைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. வலது கையை விரித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயசாச்சில்ல... என் எழுத்து கெட்டுப்போச்சுடா" என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடத்தில் லைட் எரிகிறது. அப்பா என் பழைய கோடு போட்ட நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆவன்னா. ஆ... ஆ... ஆ... ஒன்றாம் கிளாஸ் பையன் மாதிரி, அறுபத்தைந்து வயதில்.

ஒரு எழுத்துகூடப் பழுதில்லை.

அந்தச் சிவப்பு வாசகத்தை எழுதி வைத்த புண்ணியவான் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்!

* * *

மிஷினிடம் இப்படி மாட்டிக்கொண்டவர்களில் என் அப்பா முதல் ஆள் இல்லை. இதற்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

1993 ஆகஸ்டில் ஆப்பிள் கம்பெனி, 'நியூட்டன் மெசேஜ்பேட்' என்று ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. விலை 699 டாலர். கீபோர்டே கிடையாது. 'உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் விஷயம். அமெரிக்காவே வாயைப் பிளந்தது. பிறகு சிரித்தது. கேரி ட்ரூடோ என்ற கார்ட்டூனிஸ்ட், தன் 'டூன்ஸ்பரி' படக்கதையில் அதைப் போட்டுக் கிழித்தார். அவருடைய பாத்திரம் ஏதோ எழுத, மிஷின் அதை 'எக் ஃப்ரெக்கிள்ஸ்' என்று படிக்கும். முட்டையாம், முகத்தில் வரும் புள்ளிகளாம்! 1994-ல் 'சிம்ப்ஸன்ஸ்' டி.வி. தொடரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மார்ட்டினை உதைக்க வேண்டும் என்று ஒரு பையன் குறித்து வைக்க, மார்த்தாவைச் சாப்பிடு என்று அது திருப்பிச் சொல்லும்.

அது ஏன் இப்படி அபத்தமாக உளறியது? காரணம் சுவாரஸ்யமானது. ஆரம்பத்தில் அது டிக்‌ஷனரியை நம்பிப் படித்தது. எழுத்து எழுத்தாகப் புரியாவிட்டால், கிட்டத்தட்ட அதே உருவத்தில் டிக்‌ஷனரியில் என்ன வார்த்தை இருக்கிறது என்று தேடி எடுத்துப் போட்டுவிடும். ஒரு எழுத்து தப்பாக வந்தால் நாமே சரிப்படுத்திப் படித்துவிடுவோம். முழு வார்த்தையே வேறு நல்ல வார்த்தையாக வந்தால்? பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த நம்ம வீட்டுப் பையன் மாதிரி, சட்டென்று அடையாளமே தெரியாது. அவலும் அப்பரும் அப்படி வந்தவர்கள்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மிஷின் நூறு எழுத்தில் 95-ஐச் சரியாகப் படிக்கிறது என்று வையுங்கள். பரீட்சையில் 95 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால் ஒரு வார்த்தைக்கு ஐந்து எழுத்து என்றால், ஐந்தும் சரியாக வரும் வாய்ப்பு 77 சதவிகிதம்தான். அதாவது, ஏறக்குறைய நாலு வார்த்தைக்கு ஒன்று தப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு தப்பு செய்கிற டைப்பிஸ்ட்டை எந்த ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள்? 98 எழுத்து சரி என்றாலும் பத்து வார்த்தைக்கு ஒன்று உதைக்கும். ஆகவே, தப்பு வராமல் தடுப்பது மட்டும் டிசைன் இல்லை. தப்பு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் டிசைன்.

நியூட்டனின் டிசைனர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டாத வார்த்தை மேல் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கினால், 'புஸ்'ஸென்று ஒரு புகை வந்து அது மறைந்துவிடும். வார்த்தையை இரண்டு தட்டுத் தட்டினால், 'இதுவா, இதுவா?' என்று ஒரு பட்டியல் வரும். 1996 வாக்கில் வந்த புது நியூட்டன் நன்றாகவே படித்தது. என்ன பிரயோஜனம்? பனை மரத்தடியில் பால் குடித்தாலும் ஊர் கள் என்றுதானே சொல்லும்! 1998 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை இழுத்து மூடினார்.

* * *

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார் ஒருவர். பெயர் ஜெஃப் ஹாக்கின்ஸ். சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி எடுத்துக்கொண்டு அலைவார். மீட்டிங்கில் யாராவது தேதி கேட்டால், அந்தக் கட்டையை எடுத்து அதில் ஒரு குச்சியால் எழுதுகிற மாதிரி பாவனை செய்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த சைஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நிஜமாகவே எடுத்து உபயோகிப்போமா?

அந்தக் கட்டைதான் 1996-ல் 'பாம் பைலட்' ஆயிற்று. அதில் எழுத 'கிராஃபிட்டி' என்று ஒரு முறை. உங்கள் கையெழுத்தில் எழுத முடியாது. அது சொல்கிற மாதிரிதான் எழுத வேண்டும். ஆங்கில 'ஏ' என்றால் ஒரு கூரை மட்டும்தான், நடுக்கோடு கிடையாது. பெரும்பாலும் ஒரே இழுப்பில் ஒரு எழுத்து முடிந்துவிட வேண்டும். எழுதுகிற இடத்தையும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் எண். ஒரு நேர்க்கோடு போட்டால், இடது பக்கம் அது 'ஐ', வலது பக்கம் அதுவே 1. குழப்பமே கிடையாது. ஒரு கோடு போட்டு ஆயிரம் ரூபாய்த் தலைவலியைத் தீர்த்துவிட்டார்கள், பாருங்கள்!

மனிதன் மிஷினுக்காகப் புதிதாக எழுதப் பழகுவானா என்று எல்லோரும் சிரித்தார்கள். பழகினான். அதில் என்ன ஆச்சரியம்? நம் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் காலை ஆறு மணிக்கு சைக்கிளை நிறுத்திவிட்டு லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்கள் எத்தனை பேர்! பிட்மன் ஷார்ட்ஹேண்டைக் கோடு கோடாகக் கற்றுக்கொண்டு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்! பலன் உண்டு என்று தெரிந்தால் மனிதன் பழகுவான்.

ஆனால் கிராஃபிட்டியின் ரகசியம் பழக்கம் மட்டும் இல்லை. அதில் தப்பு வந்தால், ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 'ஓஹோ, கோட்டை வளைத்துவிட்டேன்' என்று அடுத்த தடவை சரியாகப் போடலாம். நியூட்டனில் தப்பு வந்தால் ஏன் வந்தது என்று எழுதினவனுக்கும் தெரியாது, எப்படித் திருத்திக்கொள்வது என்றும் தெரியாது. கோபக்கார மேலதிகாரியிடம்கூடக் காலம் தள்ளிவிடலாம். எதற்கு எப்போது கோபம் வரும் என்று தெரியாத மேலதிகாரியிடம் முடியுமா?

(கிராஃபிட்டிக்கும் கஷ்ட காலம் வந்தது. ஒரே இழுப்பில் எழுதும் முறை எங்கள் பேட்டன்ட் என்று 1997-ல் ஜெராக்ஸ் கம்பெனி கேஸ் போட்டது. 2003-ல் பாம் வேறு எழுத்து முறைக்கு மாறியது. கேஸ் 2006-ல்தான் இரண்டே கால் கோடி டாலரில் சமாதானமாயிற்று. எழுத்தைச் சுருக்கினாலும் வக்கீல் பீஸைச் சுருக்க முடியாது!)

* * *

சரி, தமிழுக்கு ஒரு கிராஃபிட்டி செய்துவிடலாமே என்று எங்கள் மானேஜர் கேட்டார். ஆங்கிலத்தில் 26. நம்மிடம் 247! நல்ல வேளையாக எல்லாவற்றுக்கும் தனி உருவம் இல்லை. 'கா' என்பது க-வும் காலும். 'கெ' என்பது கொம்பும் க-வும். இப்படிப் பிரித்து, பெங்களூரில் ஹெச்.பி. ஆராய்ச்சிக்கூடத்தார் தமிழுக்கு 156 உருவங்கள் என்று கணக்கிட்டு, பலரை எழுத வைத்து மாதிரிகள் சேகரித்தார்கள். 2006-ல் பிரான்ஸில் நடந்த கையெழுத்து ஆராய்ச்சி மாநாட்டை ஒட்டி, அந்த மாதிரிகளை வைத்து ஒரு போட்டியே நடந்தது. அதே கூடத்தில் இந்திய எழுத்துகளுக்காக இன்னொரு சாமர்த்தியமும் செய்தார்கள். ஒரு பலகையில் உயிரும் மெய்யும் வரிசையாகக் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். வேண்டிய மெய்யின் கட்டத்தில் பேனாவை வைத்து, அதன் மேலேயே உயிர்க்குறியை மட்டும் எழுதினால் போதும். பாதி தட்டுவது, பாதி எழுதுவது. மனிதன் பாதி தூரம், மிஷின் பாதி தூரம்.

அழகான யோசனை. ஆனால் என் கண் முன்னால் நின்றது அந்த நோட்டும் ஆவன்னாவும்தான். ஊர் முழுக்கப் பத்திரிகை எழுதிக் கொடுத்த மனுஷனிடம் போய், 'இனிமேல் இப்படி எழுதுங்கள்' என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

ஆபீஸுக்குத் திரும்பியதும் அப்பா எழுதியதை மிஷினிலிருந்து எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பேனா எங்கே தொட்டது, எந்தப் பக்கம் போனது, எங்கே தூக்கியது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது.

முதல் கேஸ், அவல். அப்பா மை தொட்டு எழுதுகிற கட்டைப் பேனாவில் எழுத்துக் கற்றவர். 'அ' எழுதிவிட்டுக் கையைத் தூக்குவார். பிறகு சுழியைத் தனியாகச் சேர்ப்பார். எங்கள் ஆபீஸ் பசங்கள் எல்லாரும் பால்பாயின்ட் கோஷ்டி. ஒரே இழுப்பு. இந்த மாதிரி மிஷின் எழுத்தின் படத்தைப் பார்ப்பதில்லை, பேனா போகிற வழியைப் பார்க்கிறது. அப்பாவின் 'ஆ' கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. ஆனால் அது வந்த வழி மிஷினுக்குத் தெரியாத வழி.

இரண்டாவது கேஸ், வேல். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் 'லை'க்கு முன்னால் தனிக் கொம்பு கிடையாது. யானை துதிக்கை மாதிரி ஒரு வளைவை ல-வின் தலையிலேயே சேர்த்து எழுதுவார்கள். ணை, ளை, னை எல்லாமே அப்படித்தான். போனில் கேட்டேன். "ஜி.ஓ. வந்தப்போ ஆபீஸ்ல டைப்ரைட்டர் மாறிச்சு, அச்சு மாறிச்சு. கை மாறலைடா" என்றார். எங்கள் மிஷினுக்கு யானையையே யாரும் காட்டியதில்லை. அது துதிக்கையைப் பார்த்து மிரண்டு, டிக்‌ஷனரியில் கைக்குக் கிடைத்த வேலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

மூன்றாவது கேஸ், அப்பர். அப்பா காலை நேராக இறக்கி, அடியில் லேசாக ஒரு இழுப்பு இழுப்பார். மிஷினுக்கு அது 'ர'. 'அப்பர' என்று டிக்‌ஷனரியில் இல்லாததால் தானே ஒரு புள்ளியும் வைத்துத் தந்துவிட்டது. இது இன்று நேற்றுக் குழப்பம் இல்லை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. 1880 முதல் எங்கள் ஊர்க் காலேஜில் தமிழ் வாத்தியாராக இருந்த உ.வே.சாமிநாதையர், அந்த ஓலைகளோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்! ஆனால் ஒரு வித்தியாசம். புரியாத இடத்தில் அவர் ஓலையை எழுதியவனைப் பார்த்துத் 'தெளிவாக எழுதவும்' என்று சொல்லவில்லை. தனக்குப் புரியவில்லை என்று உட்கார்ந்து யோசித்தார்.

பொட்டில் அடித்தது மாதிரி இருந்தது.

எழுத்தில் பழுதில்லை. மிஷினுக்கும் முழுசாகக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருஷம் ஆகும். நடுவில் நான் ஒருத்தன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மிஷினுக்குக் கொஞ்சம் மரியாதை சொல்லிக் கொடுப்பது!

* * *

அடுத்த இரண்டரை மாதம் அதைத்தான் செய்தேன்.

ஒன்று: அவசரப்படாதே. பேனாவைத் தூக்கி அரை விநாடி ஆனதும் மிஷின் லபக்கென்று எழுத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. தமிழில் நிறையப் பேர் வார்த்தை முழுக்க எழுதிவிட்டுத்தான் புள்ளிகளை வரிசையாக வைப்பார்கள். அதற்குள் வார்த்தை அச்சாகிவிட்டால், பாவம், அந்தப் புள்ளிகள் எங்கே போகும்? அடுத்த வரிக்குப் போகிற வரை வாயை மூடிக்கொண்டு காத்திரு என்று மாற்றினேன்.

இரண்டு: எழுதியதை அழிக்காதே. அவர் கையெழுத்து மேலே அப்படியே இருக்கட்டும். அதன் கீழே சின்னதாக அச்செழுத்தைக் காட்டு. தப்பு யாருடையது என்று அவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

மூன்று: சந்தேகத்தை மறைக்காதே. நிச்சயமில்லாத வார்த்தைக்குக் கீழே மெல்லிசாக ஒரு கோடு போடு. தொட்டால் நாலைந்து மாற்று வார்த்தைகளைக் காட்டு. கடைசியில், 'என் எழுத்தே இருக்கட்டும்' என்று ஒரு வழியும் விடு. இந்தப் பட்டியலை முதலில் வார்த்தைக்குக் கீழே வைத்திருந்தேன். எழுதுகிற கை அதன் மேலேயே கிடந்து மறைத்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பட்டியலை மேலே கொண்டுபோனேன்.

நான்கு: ஒரு தடவை திருத்தினால் ஞாபகம் வைத்துக்கொள். திருத்தியதையே மறுபடி திருத்த வராதே.

ஐந்து: வீணாக எழுத வைக்காதே. மாவட்டம், தாலுகா, பிறந்த வருஷம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தொட வைத்துவிடலாம். எண்ணுக்குத் தனிக் கட்டம், பாம் பைலட் உபயம். நல்ல பேனாக் கம்ப்யூட்டர் என்பது குறைவாக எழுத வைக்கிற கம்ப்யூட்டர்தான்.

ஆறாவது மாற்றம்தான் ரொம்பச் சின்னது. 'தயவுசெய்து தெளிவாக எழுதவும்' என்பதை எடுத்துவிட்டு, 'எனக்குப் புரியவில்லை' என்று போட்டேன். சிவப்பையும் எடுத்துவிட்டேன். மானேஜர் முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, நம்ம மிஷினை நாமே மக்குன்னு காட்டிக் கொடுக்கறதா?" என்றார். "மக்குதானே சார்" என்றேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

2010 பொங்கலுக்கு மறுபடி திண்ணை. அப்பா லேசில் மசியவில்லை. "எனக்குத்தான் எழுத்து கெட்டுப்போச்சே" என்று கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மாதான், "குழந்தை கேக்கறானில்ல, எழுதுங்களேன்" என்றாள். குழந்தைக்கு அப்போது வயது முப்பத்திமூன்று.

எழுதினார். துதிக்கையோடு எழுதிய 'வேலை' இந்தத் தடவை வேலையாகவே வந்தது. பழைய எழுத்துக்கு மாதிரி வேண்டும் என்று மயிலாப்பூர், மாம்பலம் என்று அலைந்து, ரிட்டயர் ஆன பெரியவர்களிடம் எழுதி வாங்கியிருந்தோம். ஆவலும் ஆவலாகவே வந்தது. கடைசி வரியில் கையெழுத்துப் போட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

'எனக்குப் புரியவில்லை.'

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். தன் எழுத்தைப் பார்த்தார். அது மேலே ஜம்மென்று இருந்தது. வார்த்தையைத் தொட்டார். அப்பர், அப்பா, அப்பம், அப்ப என்று பட்டியல் வந்தது. 'அப்பா'வைத் தொட்டார். கீழே இன்னொரு தடவை எழுதினார். 'அப்பா' என்றே வந்தது.

"பரவாயில்லையே" என்றார். "புரியலைன்னா புரியலைன்னு ஒத்துக்கறான். எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை."

* * *

அந்த மிஷின் கடைக்கு வரவே இல்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் மனசு மாறிவிட்டார்கள். கம்பெனியும் வேறு வேலைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. 2015-ல் கூகுள், விரலால் எழுதுகிற வசதியை 82 மொழிகளில் போனுக்குக் கொண்டுவந்தது. தமிழும் அதில் உண்டு. இப்போது அதே கம்பெனியின் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது, கையெழுத்து என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வீட்டில் டைப் அடிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே போட்டுக் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அது தப்பாகப் படித்தால், 'ஒழுங்கா எழுதுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கட்டைவிரலால் டைப் அடிக்க அவருக்கு இஷ்டமில்லை. ஆள்காட்டி விரலால் போனில் எழுதுகிறார். எண்பது வயதிலும் மணி மணியான எழுத்து. அந்த போன், நாங்கள் செய்ததைவிடப் பல மடங்கு கெட்டிக்காரப் போன். ஆவலை ஆவல் என்றே படிக்கிறது. கால் எது, ர எது என்றும் பெரும்பாலும் தெரிந்து வைத்திருக்கிறது.

ஆனாலும் தினமும் காலை ஆறு மணிக்கு டாண் என்று எனக்கு ஒரு மெசேஜ் வரும். மெனக்கெட்டு சுழி போடாமல் எழுதி, மெனக்கெட்டு 'ர' போட்டு, அதற்கு மேல் ஒரு புள்ளியும் வைத்து:

'நலம், நலமறிய அவல். இப்படிக்கு, அப்பர்.'

நானும் தினமும் தவறாமல் பதில் போடுகிறேன்:

'என் வேல் நன்றாகப் போகிறது.'